ஓர் எழுத்துக்காகவா?

இக்கட்டுரையை எழுத அமர்ந்தபோது முதல் வரியிலேயே எனக்கு ஓர் இடர் நேர்ந்தது. நியூசிலாந்து நாட்டில் ஓர் ஊரின் பெயரை எவ்வாறு எழுதுவது என்பது பற்றி அவ்வூர் மக்கள் பல ஆண்டுகள் வழக்காடினார்கள். ஒரு சாரார் எழுதியது ஒரு விதம்; மறு சாரார் எழுதியது மற்றொரு விதம். இரண்டையும் தமிழில் எழுதிப் பார்த்தேன். இரண்டும் 'வாங்கனுயி' என்றே வந்து நின்றன. ஒரு நகரத்தையே இரு கட்சியாக்கிய வேறுபாடு, நம் எழுத்துகளின் சல்லடைக் கண் வழியே ஒழுகிப் போய்விட்டது.

வேறுபாடு இதுதான். ஆங்கில எழுத்தில் 'டபிள்யூ'வை அடுத்து 'எச்' என்னும் எழுத்து வருமா, வராதா? அவ்வளவே. தமிழில் பிரித்துக் காட்ட வழியில்லாமையால், எச் உள்ள பெயர், எச் இல்லாத பெயர் என்றே இனிக் குறிப்பிடுகிறேன். வாசகர்கள் பொறுத்தருள்க.

வடக்குத் தீவின் மேற்குக் கரையில், தலைநகர் வெலிங்டனிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், ஓர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் இருக்கிறது அந்நகர். ஆற்றின் நீளம் 290 கிலோமீட்டர். தொங்காரீரோ எரிமலைச் சரிவில் பிறந்து, காடு செறிந்த பள்ளத்தாக்குகளின் ஊடே வளைந்து வளைந்து வருகிறது. ஊரின் பெயர் ஆற்றின் பெயர். ஆற்றின் பெயர் மாவோரி மக்கள் இட்ட பெயர். அவர்தம் மரபுக் கதையொன்றில் ஹௌ என்னும் முன்னோன், தன்னை விட்டு வேறொருவனுடன் சென்றுவிட்ட மனைவி வைராக்காவைத் தேடிக் கடற்கரை வழியே நடக்கிறான். கடந்த ஆறுகளுக்கெல்லாம் பெயரிட்டுக்கொண்டே போகிறான். ஓர் ஆற்றின் முன் நெஞ்சம் திடுக்கிட்டு நின்றது. அதற்கு மனவத்தூ என்று பெயர். (மாவோரியில் 'மனவ' என்றால் இதயம். நம் சொல்லாராய்ச்சி நண்பர்கள் துள்ளிக் குதிக்க வேண்டா, இது தற்செயலே.) நம் ஆற்றின் பெயரில் 'நுயி' என்பது பெரிது. முற்பகுதிக்குக் குடா, துறைமுகம் என்றும் பொருளுண்டு. காத்திருத்தல் என்றும் பொருளுண்டு. எனவே பெருந்துறை எனலாம். நெடுங்காத்திருப்பு எனவும் கொள்ளலாம். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை நினைவுக்கு வராமல் இல்லை.

1840இல் நியூசிலாந்துக் கம்பெனி அங்கு நிலம் வாங்கியதாகச் சொல்லிக் குடியேற்றம் தொடங்கியது. விற்றவர்கள் எதை விற்றார்கள் என்பது அன்றே சச்சரவுக்குள்ளான செய்தி. கம்பெனி, தன் இயக்குநர்களுள் ஒருவரான பெத்ரே பிரபுவின் பெயரை ஊருக்கு இட்டது. பெத்ரே என்பதை ஆங்கிலேயர் பீட்டர் என்றே ஒலிப்பர். இங்கிலாந்தில் கத்தோலிக்கர் ஒடுக்கப்பட்ட காலத்திலும் நம் விசுவாசத்தைக் கைவிடாத பழங்குடும்பம் அது. ஆக, அந்நகர் சில ஆண்டுகள் பேதுருவின் பெயரால் வழங்கிற்று! ஆனால் குடியேறிய வெள்ளையர்க்கே அப்பெயர் பிடிக்கவில்லை. 1854இல் அதை நீக்கி, ஆற்றின் மாவோரிப் பெயரையே அதிகாரபூர்வமாக வைத்துக்கொண்டார்கள், எச் இல்லாமல்.

நான் அங்குச் சென்றது 2009ஆம் ஆண்டு ஏப்ரலில். பால்மர்ஸ்டன் நார்த் மறைமாவட்டத்தில், நீண்ட விடுப்பில் சென்ற ஒரு பங்குத் தந்தைக்குப் பதிலாகச் சில மாதங்கள் பணிபுரிய. அப்போது எனக்கு நாற்பது வயது. குளிர்காலம் தொடங்கிக்கொண்டிருந்தது. வீடு தோறும் தபாலில் வாக்குச் சீட்டு வந்திருந்தது. உள்ளூர் மாவோரிக் குலத்தாரின் மன்றமாகிய தூபோஹோ மன்றம், அவ்வாண்டு பிப்ரவரியில் நாட்டின் புவிப்பெயர் வாரியத்திடம் எச் எழுத்தைச் சேர்க்குமாறு விண்ணப்பித்திருந்தது. அதன்பேரில் மாவட்ட மன்றம் ஊர் மக்களிடம் கருத்துக் கேட்டது.

ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய மண்டபத்தில் தேநீர் அருந்துவது அங்கு வழக்கம். ஒரு ஞாயிறன்று, எண்பதை நெருங்கிய கைம்பெண் ஒருவர் வாக்குச் சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். "ஃபாதர், நீங்கள் மொழிகள் கற்றவர். சொல்லுங்கள், எங்கள் ஊர்ப் பெயரை நாங்கள் தவறாகவா எழுதி வந்தோம்?" என்றார். நான் சிரித்துக்கொண்டே, "எங்கள் மொழியில் இரண்டையும் ஒன்றுபோலவே எழுதுவோம் அம்மா. ஓர் எழுத்துக்காகவா இவ்வளவு சண்டை?" என்றேன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "என் கணவரின் கல்லறைக் கல்லில் எச் இல்லை. என் தந்தையின் கல்லிலும் இல்லை. போரில் இறந்த என் மாமனின் பெயர்ப் பலகையில் இந்த ஊரின் பெயர் எச் இல்லாமல்தான் இருக்கிறது" என்றார்.

அங்கே கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்த மற்றொரு முதியவரும் சிரிக்கவில்லை. அவர் மாவோரி. குருக்கள் இல்லாத காலங்களில் ஆற்றங்கரை ஊர்களில் வழிபாடு நடத்திய உபதேசியார். அவர் என்னைப் 'பா' என்று அழைப்பார்; மாவோரிக் கத்தோலிக்கர் குருக்களை அழைக்கும் முறை அது. அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் வேடிக்கைப் பேச்சு இருவரையும் ஒருசேரப் புண்படுத்தியது என்பதை அன்றிரவுதான் உணர்ந்தேன். இரு தரப்பையும் ஒரே வாக்கியத்தால் நோகச் செய்வதற்கும் ஒரு திறமை வேண்டும். குருமடத்தில் அதற்குத் தனிப் பாடம் இல்லையெனினும் நம்மில் பலர்க்கு அது கைவந்திருக்கிறது.

பின்னர்தான் செய்தியைச் சற்று ஆழமாகக் கற்க முற்பட்டேன்.

மாவோரி மொழிக்கு எழுத்து தந்தவர்கள் மறைபரப்பாளர்கள். பத்து மெய், ஐந்து உயிர், ஆகப் பதினைந்தே ஒலிகள். அவற்றுள் ஒன்று 'டபிள்யூ, எச்' என இரண்டெழுத்தால் இப்போது குறிக்கப்படுகிறது. நாட்டின் பெரும்பகுதியில் அதை ஏறக்குறைய 'ஃப' போல ஒலிக்கிறார்கள். இந்த ஆற்றுப் பகுதியிலோ வழக்கு வேறு. அங்கு அது வகரமே. ஆனால் அந்த வகரத்தோடு தொண்டை ஒரு நொடி அடைத்துத் திறக்கிறது. வெளியார் செவிக்கு அந்த அடைப்புக் கேளாது. வந்த வெள்ளையர் கேட்டது வகரம், எழுதியதும் வகரம். 1840இன் வைத்தாங்கி உடன்படிக்கையின் மாவோரிப் படியிலேயே, நிலம் என்னும் பொருளுடைய சொல் எச் இல்லாமல்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே, யாரும் வஞ்சகமாக எழுத்தைத் திருடவில்லை. காதில் விழுந்ததை எழுதினார்கள். விழாதது விடுபட்டது.

எச் வேண்டாம் என்றவர்களுக்கு இது வலுவான வாதமாயிற்று. "இங்குள்ள மாவோரிகளே வகரமாகத்தான் சொல்கிறார்கள். எச் சேர்த்தால் வானொலிக்காரர்கள் நம் ஊரை ஃபகரத்தில் அழைப்பார்கள். அதுதான் புதுமை, நாங்கள் எழுதுவதே மரபு" என்றார்கள். நூற்றைம்பது ஆண்டு வழக்கும் மரபே அன்றோ? அன்றைய மேயர் மைக்கேல் லாஸ் இத்தரப்பில் நின்று ஓங்கிப் பேசினார். மறுதரப்பின் வாதம் சுருக்கமானது. எச் இல்லாத அந்தச் சொல்லுக்கு எங்கள் மொழியில் பொருள் இல்லை. துறையும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அது வெறும் ஓசை. எழுத்து என்பது உங்கள் செவிக்காக மட்டும் இல்லை. சொல்லின் வேரைக் காட்டுவதற்கும் ஆகும். தேசியப் பூங்காவுக்கு 1986இலும், ஆற்றுக்கு 1991இலும் எச் திரும்பிவிட்டதே, ஊருக்கு மட்டும் ஏன் கூடாது என்றும் கேட்டார்கள்.

வாக்கெடுப்பின் முடிவு ஐயத்துக்கு இடமின்றி வந்தது. 2006இல் நடந்த முதல் வாக்கெடுப்பில் 82 விழுக்காட்டினர் எச் வேண்டாம் என்றிருந்தனர். 2009 மே மாதத்தில் 77 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். 22 விழுக்காட்டினர் வேண்டும் என்றனர். 61 விழுக்காட்டினர் வாக்களித்திருந்தனர். ஆயினும் செப்டம்பரில் புவிப்பெயர் வாரியம் எச் உள்ள பெயரே சரியெனத் தீர்மானித்தது. வாரியத்துக்கும் மக்களுக்கும் இடையே அகப்பட்ட அமைச்சர் மாரிஸ் வில்லியம்சன், டிசம்பரில் ஒரு நடுவழி கண்டார்: இரண்டும் செல்லும், அரசுத் துறைகள் எச் உள்ளதை எழுதும், மற்றவர்கள் விரும்பியபடி எழுதலாம்.

இதைக் கோழைத்தனம் என்று இரு தரப்பிலும் ஏளனம் செய்தவர் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பான்மை வாக்கு என்னும் கருவி எல்லாவற்றுக்கும் பொருந்துவதன்று. வீட்டுக்கு வந்து தங்கிப் பெருகிவிட்ட விருந்தினரிடம், வீட்டுக்காரர் பெயரை எப்படி உச்சரிக்கலாம் என்று வாக்குக் கேட்டால், எண்ணிக்கை தவறாமல் இருக்கும். கேள்வி தவறாக இருக்கும். அதே வேளையில், அந்த மூதாட்டியின் கல்லறைக் கல்லை ஒரு தீர்மானத்தின் பேரில் பெயர்த்து எறியவும் இயலாது. இரு பெயரும் அருகருகே வாழ்ந்த ஆறாண்டுகள் மனங்கள் கனிவதற்குக் கிடைத்த அவகாசம் என்றே கருதுகிறேன். ஏனெனில் பின்னர் மாவட்ட மன்றமே வாரியத்தை அணுகி எச் கேட்டது. 2015 நவம்பரில் மாவட்டத்தின் பெயர் எச் பெற்றது. 2019இல் பெருநிலப்பகுதியின் பெயரும் மாறியது. நான் கேள்விப்பட்டவரை வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் 2009 ஜூன் மாதத்தில் இவை எவையும் நடந்திருக்கவில்லை. வாக்கெடுப்பின் முடிவு வந்து சில நாள்கள் கழித்து, அந்த உபதேசியார் என்னிடம் வந்து, "பா, ஆற்றுவழியே மேலே ஒரு முறை போய் வருவோமா?" என்று கேட்டார். தோற்றவர் முகத்தில் கசப்பை எதிர்பார்த்தேன். காணவில்லை.

ஆற்றை ஒட்டிய மலைப்பாதை குறுகியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வழியில் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன். ஆத்தேனே. கொரினித்தி. ரானானா. இவை என்ன மாவோரிச் சொற்கள் என்று கேட்டேன். முதியவர் வண்டியை ஓட்டிக்கொண்டே சிரித்தார். "உமக்குத் தெரிந்த ஊர்கள்தாம் பா. ஏதென்சு, கொரிந்து, இலண்டன்." 1843இல் அங்கு வந்து முப்பதாண்டு உழைத்த ஆங்கிலிக்கன் மறைபரப்பாளர் ரிச்சர்டு டெய்லர் இட்ட பெயர்கள் அவை. பவுலடியார் தூது சென்ற நகர்களை ஒரு காட்டாற்றின் கரையில் வரிசையாக நட்டிருக்கிறார். (இலண்டனுக்குப் பவுல் போனதாக எந்த மடலிலும் இல்லை; அதை ஆங்கிலேயரின் தேசப்பற்றுக் கணக்கில் எழுதிக்கொள்வோம்.) அவ்வூர்களுக்கெல்லாம் முன்னர் வேறு பெயர்கள் இருந்தன.

அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் சென்றபின் ஆற்றின் வளைவில் ஓர் ஊசிக் கோபுரம் தெரிந்தது. ஹிருஹாராமா, அதாவது எருசலேம். முன்னைப் பெயர் பத்தியாரேரோ. அங்கேதான் பிரான்சு நாட்டிலிருந்து வந்த அருட்சகோதரி சூசன் ஒபேர் 1883இல் பணி தொடங்கினார். 1892இல் கருணை அன்னையின் புதல்வியர் சபையை நிறுவினார். மூலிகை மருந்துகள் செய்தார். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்தார். மாவோரி மொழியில் உரையாடக் கற்பிக்கும் நூலொன்றை 1885இல் வெளியிட்டார். 1926இல் இறந்த அவரைத் திருச்சபை 2016இல் வணக்கத்துக்குரியவராக அறிவித்தது. மக்கள் அவரை மேரி ஹோஹெபா என்று அழைத்தார்கள். ஹோஹெபா என்றால் யோசேப்பு. சகரமும் யகரமும் இல்லாத அம்மொழியில் அவ்விடங்களில் பெரும்பாலும் எச் வந்து அமர்கிறது.

இதை நான் வியந்து கூறியபோது முதியவர், "நம் ஆண்டவரின் பெயரே அப்படித்தானே பா" என்றார். கத்தோலிக்கர் 'ஹேஹு கெரித்தோ' என்பார்களாம். ஆங்கிலிக்கர் 'இஹு கரைத்தி' என்பார்களாம். பிரெஞ்சுக் குருக்களின் வாயிலிருந்து கேட்டவர் ஒரு விதமாகவும், ஆங்கிலப் போதகரிடமிருந்து கேட்டவர் வேறு விதமாகவும் பிடித்துக்கொண்டார்கள். என் பாட்டியின் 'சேசுநாதர்' நினைவுக்கு வந்தார். பக்கத்துத் தெருச் சீர்திருத்த சபையார் 'இயேசு' என்றபோது, அவர்கள் வேறு யாரையோ கும்பிடுகிறார்கள் என்றே என் சிறுவயதில் நம்பியிருந்தேன். இன்று நாமும் இயேசு என்கிறோம். பாட்டி மட்டும் கடைசி மூச்சுவரை சேசு, மரி, சூசை என்றே சொல்லி இறந்தார். அவரைத் திருத்த எவருக்கும் மனம் வரவில்லை.

முதியவர் அப்போது தம் தாயாரைப் பற்றிச் சொன்னார். பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கியவர்; அதனால் தம் பிள்ளைகளிடம் மாவோரி பேசாமலே இருந்துவிட்டவர். மாவோரி அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றானது 1987இல்தான். "நான் என் மொழியை ஐம்பது வயதில், பாதி கிழவர்களிடமும் பாதி புத்தகத்திலும் கற்றேன். அந்தத் தொண்டை அடைப்பு எனக்கு இன்னும் சரியாக வருவதில்லை. என் பேரனுக்கு வருகிறது. அவன் அதை எழுத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசை. அவ்வளவுதான்" என்றார். சற்றுப் பொறுத்து, "உம் பெயரில் நாங்கள் சொல்ல முடியாத ஓர் எழுத்து இருக்கிறதே" என்றார்.

இருக்கிறது, ழகரம். வந்த முதல் வாரமே, இவர்கள் நாக்கு படும் பாட்டைக் கண்டு, பெயரை வெட்டி இரண்டசையாகச் சுருக்கிக் கொடுத்துவிட்டேன். அதுவே எனக்கும் வசதியாக இருந்தது. "உமக்கு அது போதுமா, பா?" என்று கேட்டுவிட்டு, என் முழுப்பெயரை ழகரத்தோடு சொல்லிக் காட்டினார். முற்றிலும் சரியாக வரவில்லை. ஆனால் பல நாள் தனியே சொல்லிப் பழகியிருக்கிறார் என்பது தெரிந்தது.

விவிலியத்தில் ஓரெழுத்தைச் சொல்லும் விதத்தால் நாற்பத்திரண்டாயிரம் பேர் யோர்தான் துறையில் வெட்டுண்ட கதை, நீதித் தலைவர்கள் நூலின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. எழுத்து அங்கே கொல்லும் வாள். அதே விவிலியத்தில் ஆண்டவர் ஆபிராமை ஆபிரகாம் ஆக்கியபோது, எபிரேயத்தில் அவர் சேர்த்தது 'ஹே' என்னும் ஓர் எழுத்தே. சாராய் சாராவானபோது நுழைந்ததும் அதே எழுத்து. ஒலியென்றுகூடச் சொல்ல இயலாது, வெறும் மூச்சு. தமிழில் ஹகரம் இல்லாமையால் அந்த மூச்சு நம்மிடம் ககரமாகிவிட்டது. உடன்படிக்கையின் அடையாளமாக இறைவன் தந்தது ஓர் எச் என்று சொன்னால், குருமடத்து எபிரேயப் பேராசிரியர் முகம் சுளிக்கக்கூடும். அன்று ஆற்றங்கரையில் அமர்ந்து நான் அப்படித்தான் நினைத்தேன். இன்னொன்றும் நினைத்தேன். தொடக்க நூலின் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பெயரிடுகிறான். ஆறுகளுக்கு அவன் பெயரிடுவதில்லை. அவன் வாய் திறப்பதற்கு முன்னரே பீசோன், கீகோன் என்று அவற்றுக்குப் பெயர்கள் இருக்கின்றன. 2017இல் நியூசிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அந்த ஆற்றைச் சட்டத்தின் முன் ஓர் ஆளாகவே ஏற்றுக்கொண்டது. ஆறே நான், நானே ஆறு என்பது அம்மக்களின் பழமொழி.

ஹிருஹாராமாவின் ஆலயம் புனித வளனார் பெயரால் அமைந்தது. மாவோரிப் பாங்கில் வேலைப்பாடு செய்த பீடம். அங்கு முழந்தாளிட்டிருந்தபோது, வளனார் என்னும் பெயரே என்னைக் குத்திற்று.

1998இல் நான் முதன்முதலாகப் பங்குப் பொறுப்பு ஏற்ற இடத்தில் ஒரு கிளைப்பங்கு இருந்தது. அறுபது வீடுகள். அனைவரும் நம் மக்கள். அனைவரும் ஒடுக்கப்பட்ட சாதியினர். ஊர்ப்பெயர், பக்கத்துக் கண்மாயின் பெயரே. சுற்றுவட்டாரத்தார் அப்பெயரை உச்சரிக்கும் தொனியிலேயே இழிவு இருந்தது. அதைக் கேட்டுக் கொதித்த நான், ஒரு மே மாதம் முதல் தேதியில் 'புனித வளனார் நகர்' என்று பலகை நட்டு, மந்திரித்து, மேளத்தோடு விழா எடுத்துவிட்டேன். எவரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. விடுதலை கொடுப்பவன் அனுமதி கேட்பானா என்ன? விழா முடிந்தபின் அவ்வூர் வயதான உபதேசியார் மட்டும் என்னிடம் வந்தார். "சாமி, பேரு நல்ல பேருதான். சூசையப்பர் பேரு. ஆனா அந்தக் கம்மாய வெட்டுனது எங்க பாட்டன்மாரு" என்றார். அதை ஒரு வரலாற்றுத் தகவல் என்று எண்ணித் தலையசைத்தேன்.

ரிச்சர்டு டெய்லரைப் பற்றி இலேசாகச் சிரித்துக்கொண்டே அந்த மலைப்பாதையில் ஏறி வந்தவன், வளனார் பீடத்தின்முன் சிரிப்பிழந்து நின்றேன். அவராவது முப்பதாண்டு அவர்களோடு இருந்தார். நான் மூன்றாண்டில் மாறுதலாகிப் போனேன்.

இறங்கும்போது முதியவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆறுதலும் கூறவில்லை, கண்டிக்கவும் இல்லை. "அங்குள்ள பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மூதாட்டியின் கல்லறைக் கல்லைப் பற்றியும் பேச்சு வந்தது. "அந்தக் கல்லை யாரும் தொட வேண்டாம். அவர் கணவர் என் நண்பர். எழுத்துப் பிழையோடேயே உயிர்த்தெழட்டும், தூதர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள்" என்றார். இதை மறுவாரம் அந்த அம்மையாரிடம் சொன்னபோது, முதன்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் வாக்கை எப்படி அளித்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையிருக்கவில்லை.

கடந்த ஆண்டு அந்தக் கிளைப்பங்கின் திருவிழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். பேருந்தில் நடத்துநர் கண்மாயின் பெயரைச் சொல்லித்தான் கூவினார். குடும்ப அட்டைகளிலும் அதுவே. ஆனால் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகள், "நாங்க வளனார் நகர்னுதான் சாமி சொல்லுவோம். பழைய பேரச் சொன்னா நாங்க யாருன்னு தெரிஞ்சிரும்" என்றார்கள். 2009இல் அம்முதியவர் கேட்ட கேள்விக்கு விடை இப்படிக் கிடைத்தது. எந்தப் பெயர் விடுதலை, எந்தப் பெயர் சுமை என்பதை நானாக ஒரு முறை முடிவுசெய்து தவறியவன். பழைய பெயரே உயர்ந்தது என்று மறுபடியும் நானாக முடிவுசெய்ய எனக்கென்ன உரிமை? யாக்கோபு ஓரிடத்துக்குப் பெத்தேல் என்று பெயரிட்டார். முன்பு அதற்கு லூசு என்று பெயர் இருந்தது என்பதையும் தொடக்க நூல் அழிக்காமல் குறித்து வைத்திருக்கிறது. (மறைக்கல்வி வகுப்பில் இதைப் படிக்கும்போதெல்லாம் சிறுவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், பெயர் நினைவில் நிற்கிறது.)

திருவிழாத் திருப்பலியில் ஒரு குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தேன். அந்த உபதேசியாரின் கொள்ளுப்பேத்தி. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சடங்கு முடிந்து பதிவேட்டை விரித்தபோது, 'ஊர்' என்னும் கட்டத்தில் பேனா நின்றது. "ஊர் என்னன்னு எழுதணும்மா?" என்று தாயிடம் கேட்டேன். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தன் தாயைப் பார்த்தான். மூவரும் சற்றுத் தள்ளிப் போய்ப் பேசினார்கள். திரும்பி வந்து அவள் சொன்னாள்: "வளனார் நகர்னே எழுதுங்க சாமி. கம்மாய் பேரயும் எழுதிருங்க."

கட்டத்தில் இடம் போதவில்லை. இரண்டாவதை ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக் கையொப்பமிட்டேன்.